தர்மாஸ்பத்திரிக்குப் போகிறவர் நுகர்வோர் இல்லையா?

நம் காலனிகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பேசிப் பாருங்கள். அரசு மருத்துவமனையை அவர்கள் இன்றும் ‘தர்மாஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். காசு வாங்காமல் பார்ப்பதால் அது தர்மம். கொடுப்பவர் கொடுக்கிறார், வாங்குகிறவர் கையேந்தி வாங்கிக்கொள்கிறார். டாக்டர் வரவில்லையா, மாத்திரை இல்லையா, ஸ்ட்ரெச்சர் தள்ள ஐம்பது ரூபாய் கேட்டார்களா, பேசாமல் இருந்துவிட வேண்டும். தர்மத்துக்குப் போன இடத்தில் கணக்குக் கேட்பார்களா?

இந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று கூட்டங்களில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வரிப் பணத்தில் நடப்பது தர்மம் ஆகாது, அது நம் உரிமை என்று சொல்லியிருக்கிறோம். ஆனால் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே 1995இல், வேறு வார்த்தைகளில், நம் பாட்டிகள் சொன்னதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைச் சொல்லிவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நோயாளி எப்போது நுகர்வோர் ஆனார், அந்தக் கதவு திறந்தபோது வெளியே நின்றது யார் என்பதைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் நமக்கும் தெரிந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். அண்ணல் அம்பேத்கர் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளான ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் ஒரு கடிதம் வருகிறது. குஜராத்தின் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பள்ளி ஆசிரியர் எழுதியது. காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் 1929 டிசம்பர் 12 அன்று வெளிவந்தது. அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு மோசமாகிறது. டாக்டரை அழைக்கிறார். சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்கள் இருவர் பரிந்து பேசி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பிணை நின்ற பிறகுதான் வருகிறார். அதுவும் நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. பிள்ளை பெற்று இரண்டே நாளான பெண்ணை வெளியே தூக்கி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பியதும் அதே வரிசையில். தொடாமலே நிமோனியா என்று முடிவு செய்து மருந்து அனுப்புகிறார். நிலைமை முற்றிய பிறகு, பணம் தருகிறேன் என்றும் டாக்டர் மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு ரூபாயை. கட்டணம் இருந்தது. அதற்குப் பிணையும் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அவர் ஒரு நுகர்வோர். பணம் கொடுத்தால் சேவை கிடைக்கும், சேவை சரியில்லை என்றால் கேட்கலாம் என்பது சந்தையின் விதி. சேரிக்கு வெளியே கிடந்த அந்தப் பெண்ணிடம் அந்த விதி வந்து சேரவில்லை. சந்தையில் எல்லார் பணமும் ஒன்றுதான் என்று இன்று நமக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களிடம் இந்தக் கடிதத்தை நீட்டுங்கள்.

விடுதலைக்கு முன்பும் பின்பும் இந்த நாடு வேறொரு பாதையை யோசித்துப் பார்த்தது. 1943இல் அமைக்கப்பட்ட போர் குழு, 1946இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை. இன்று நம் கிராமங்களில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் என்கிற எண்ணத்தின் வேர் அங்கேதான். அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்றது. வழிகாட்டு நெறிதான், வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆனால் 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்துக்குப் பல் இருந்தது. பிறகு 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, பொதுமக்களுக்கான மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ தீண்டாமையின் பேரில் ஒருவரைச் சேர்க்க மறுப்பது குற்றம் என்கிறது. நம்மையும் மருத்துவமனையையும் சேர்த்து நினைத்த முதல் தேசியச் சட்டம் இதுவென்றே நாம் படிக்கிறோம். அதில் நீ பணம் கட்டினாயா என்ற கேள்வியே கிடையாது.

சென்னை மாகாணத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இங்கே வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த அரசாணையும் இங்கேதான் இருந்தது. ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்கள் நம் மக்களுக்கு. அதை எதிர்த்து நடந்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் அரசாணை செல்லாது என்று தீர்ப்பாகி, அதனால் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்த கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வழக்கு ஒரு மருத்துவ இடத்தைப் பற்றியது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம். யார் நாடி பிடித்துப் பார்க்கிறார் என்பதும் மருத்துவ வரலாறுதான்.

1980களில் காற்று திசை மாறியது. 1983இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒரு கம்பெனி, பங்குகள், முதலீட்டாளர்கள் என்று மருத்துவம் நடக்க முடியும் என்பதை நாடு பார்த்தது. 1988இல் மத்திய அரசு வெளிநாட்டு மருத்துவக் கருவிகளுக்குச் சுங்க வரி விலக்கு கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: வெளிநோயாளிகளில் 40 விழுக்காட்டினருக்கு இலவசச் சிகிச்சை தர வேண்டும், மாத வருமானம் 500 ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குப் படுக்கைகளில் 10 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும். கருவிகள் வந்து இறங்கின. நிபந்தனை நிறைவேறியதா என்ற கேள்வி பின்னர் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அதைக் கண்டிப்புடன் நிறைவேற்றச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நமக்குப் பதில். இப்போதும் வரிச் சலுகை, நிலம் என்று தனியார் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும்போதெல்லாம் ‘ஏழைகளுக்கு இத்தனை படுக்கை’ என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரியைப் பார்க்கும்போது 1988ஐ நினைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

இடையில் 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கெட்டுப்போன பிரிட்ஜுக்கும் வராத தொலைபேசி இணைப்புக்கும் வழக்குப் போடுவதற்கு என்று பலர் நினைத்த சட்டம். நோயாளிகள் இதை மருத்துவர்கள் மீது பயன்படுத்தத் தொடங்கியதும் பெரிய சண்டை வந்தது. எங்கள் தொழில் புனிதமானது, கடைச் சரக்கு இல்லை என்றது மருத்துவர் தரப்பு. புனிதம் என்ற சொல் யாரைப் பாதுகாக்க வருகிறது என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவர்கள் நோய்க்குச் செய்யும் சிகிச்சை இந்தச் சட்டத்தின் ‘சேவை’க்குள் வராது என்று சொன்னது. வேறு இடங்களில் வேறு தீர்ப்புகள். கடைசியில் எல்லாம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1995 நவம்பர் 13 அன்று ‘இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா’ வழக்கில் தீர்ப்பு வந்தது. மருத்துவம் ஒரு சேவையே, மருத்துவர் மீது நுகர்வோர் வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். நோயாளிகள் தரப்பில் பெரிய வெற்றி. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு மருத்துவமனைகளை மூன்று வகையாகப் பிரித்தது. இதை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லோரிடமும் கட்டணம் வாங்கும் மருத்துவமனை சட்டத்துக்குள் வரும். சிலரிடம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையும் உள்ளே வரும். அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. ஒருவரிடமும் காசு வாங்காத மருத்துவமனை சட்டத்துக்கு வெளியே. அது அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் சரி. பதிவுச் சீட்டுக்கு வாங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கணக்கில் சேராது. நாங்கள் வரி கட்டுகிறோமே, அது கட்டணம் இல்லையா என்ற வாதத்தையும் நீதிமன்றம் கேட்டது. பொதுவாகக் கட்டும் வரி ஒரு குறிப்பிட்ட சேவைக்கான விலை ஆகாது என்று அதைத் தள்ளிவிட்டது.

சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் இது தவறான தீர்ப்பு என்று சொல்ல முடியாது. இலவசமாகத் தரப்படும் சேவையைச் சட்டமே விலக்கி வைத்திருந்தது. நம் கேள்வி அதன் விளைவு பற்றியது. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற கூலித் தொழிலாளி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறான ஊசி போடப்பட்டுக் கால் முடங்கினால் அவர் நுகர்வோர் இல்லை. அதே ஊசியைப் பணம் கட்டிப் போட்டுக்கொண்டவர் நுகர்வோர். ஒருவருக்கு மாவட்டத்திலேயே எளிய மன்றம், இன்னொருவருக்குச் சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றம். யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்க்க எந்த அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கும் காலை எட்டு மணிக்குப் போனால் போதும்.

இதற்கு ஆறு மாதம் கழித்து, 1996 மே 6 அன்று, அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைக் கொடுத்தது. நம் வகுப்புகளில் இதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். மேற்கு வங்கத்தில் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கமான பஷ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி அவரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது. அவசரச் சிகிச்சை மறுக்கப்பட்டது 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறிய செயல், நிதி இல்லை என்று அரசு இதிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பாகி, 25,000 ரூபாய் இழப்பீடும் வந்தது. சாந்தா வழக்கில் பேசப்பட்டவர் நுகர்வோர். இந்த வழக்கில் பேசப்பட்டவர் குடிமகன். அவரிடம் ரசீதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. அது இல்லாதவர்களால் டெல்லி வரை போக முடியுமா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளை நாம் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆண்டுகளில்தான் இங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, மருந்துகளை மொத்தமாக வாங்கி எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் இலவசமாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. நம் வீடுகளில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உயிரோடு இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அடுத்த திருப்பம் காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் அதனோடு ஒன்றிய அரசின் திட்டம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் கீழ் இருந்தவர்கள் கையில் ஒரு அட்டை வந்தது. தனியார் மருத்துவமனைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நம் மக்கள் உள்ளே போனார்கள். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து நடந்து வீடு திரும்பியவர்களை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். இதைச் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் அட்டை, பட்டியலில் உள்ள பெரிய சிகிச்சைகளுக்கானது. அன்றாடக் காய்ச்சலுக்கும் மாதாமாதம் வாங்கும் மருந்துக்கும் அது உதவாது. அரசுப் பணம் தனியார் கணக்குக்குப் போகிறது. அங்கே வேலை வாய்ப்பில் இட ஒதுக்கீடு இல்லை. அந்த நடைபாதையைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் உடன் போன ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். வட மாவட்டக் காலனி ஒன்றைச் சேர்ந்த அக்கா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். காப்பீட்டு அட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. எல்லாம் இலவசம் என்றுதான் சொன்னார்கள். சேர்ந்த பிறகு டெஸ்டுக்கு, மருந்துக்கு என்று தவணை தவணையாக 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், மருத்துவமனைப் பெயர்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தையல் சீழ் பிடித்தது. திரும்பப் போனால் காப்பீட்டுக் கேஸ் முடிந்துவிட்டது, இனி பணம் கட்டினால் பார்க்கலாம் என்றார்கள். பில் கேட்டோம். “காப்பீட்டுக் கேஸுக்கு பில் கிடையாதுங்க” என்றார் கவுன்டரில் இருந்தவர். அக்கா எங்கள் கையைப் பிடித்து இழுத்தார். “விடுங்க தம்பி. தர்மத்துக்குப் பாத்திருக்காங்க, அதுல போயி கேள்வி கேக்க முடியுமா?”

முடியும். இங்கேதான் சாந்தா தீர்ப்பை நாம் முழுதாகப் படித்திருக்க வேண்டும். நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினால் அது இலவசச் சேவை ஆகாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. கட்டண நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் உள்ளே வருவார் என்பதை மேலே பார்த்தோம். ஆக அந்த அக்கா இரண்டு வழியிலும் நுகர்வோர். கட்டண வார்டு வைத்திருக்கும் அரசு மருத்துவமனைகளையும் இதே தர்க்கத்தில் உள்ளே கொண்டுவரலாம். இப்போது அரசு மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து பணம் வருகிறதே, அப்படியானால் அவை இன்னும் ‘முழு இலவசம்’தானா என்பது நம் சட்ட மாணவர்கள் எடுத்து வாதிட வேண்டிய கேள்வி.

2019இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது ஒரு குழப்பம் நடந்தது. முந்தைய மசோதாவில் சேவைகளின் பட்டியலில் இருந்த சுகாதாரம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். உடனே, மருத்துவர்கள் சட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் என்று வாதம் கிளம்பியது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. எனவே சாந்தா தீர்ப்பு அப்படியே நிற்கிறது. நம் ஊழியர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில: புகாரை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. கேட்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளாமல் வந்துவிடாதீர்கள், நாங்கள் ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறோம்.

சட்டத்தைப் பயன்படுத்துவோம். ஆனால் நுகர்வோர் என்ற பெயரையே நம் பெயராக ஏற்றுக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. மருத்துவம் தவறினால் நிபுணர் சாட்சி வேண்டும் என்கிற இடத்தில், ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராக எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதைத் தேடி அலையும் நாட்களுக்குக் கூலி கிடையாது. மேலும், நுகர்வோர் சட்டம் சேவைக் குறைபாட்டைப் பார்க்கும், விலையைப் பார்க்கும். தெர்மாமீட்டர் எத்தனை கை மாறி வந்தது என்பதைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. அதற்கு 1955 சட்டம் இருக்கிறது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டமும் மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லி அங்கே நுழைவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது.

அந்த அக்காவுக்கான புகாரை எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினோம். சிகிச்சைக் குறிப்பு இரண்டு முறை எழுதிக் கேட்ட பிறகு கிடைத்தது. புகார்தாரர் எவ்வாறு நுகர்வோர் என்ற பத்தியில், காப்பீட்டு எண்ணையும் அந்த 18,000 ரூபாய்க்கான துண்டுச் சீட்டுகளையும் குறிப்பிட்டோம். படித்துக் காட்டினோம். எல்லாம் சரி என்று தலையாட்டிய அக்கா, கையெழுத்துப் போடும் முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். வார்டில் மற்றவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்த நர்ஸம்மா, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்த நாளிலிருந்து தனக்கு மட்டும் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போனாராம். அதையும் எழுதணும் தம்பி என்றார். புகாரில் அதற்கான பத்தி எது என்று தேடிப் பார்த்தோம், இல்லை. வேறொரு தாள் எடுத்து, 1955 என்று மேலே போட்டு எழுதத் தொடங்கினோம்.